குச்சி பிடித்த பிள்ளை

ராயபுரம்
23.06.2024

அன்புள்ள பிலோமி அக்காவுக்கு, தங்கை ஜூடி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? காது மெஷினை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை போன வருஷம் மாதிரி அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாயா? ரெஜினாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லு. போன வாரம் வீடியோ காலில் நான் பத்து நிமிஷம் பேசினேன், நீ பத்து நிமிஷமும் சிரித்துத் தலையாட்டினாய். உனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் எழுதி அனுப்பினால் உனக்கு முன்னால் உன் மகள் படித்துவிடுகிறாள் என்கிறாய். ஆகையால் இந்தக் காலத்திலும் நான் தபால்பெட்டியைத் தேடிப் போகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அதற்கு முன்னால் பெரம்பூரில் ஐந்து நாள் பயிற்சி என்று பிடித்துப் போட்டார்கள். இருபத்தாறு வருஷம் ரெண்டாம் வகுப்பு எடுத்தவளை பெஞ்சில் உட்கார வைத்து ‘ப’ சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? சொல்லிக் கொடுத்தது சைமா என்று ஒரு பெண், வண்ணாரப்பேட்டைக்காரி, முப்பது வயசுகூட இருக்காது. பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டுப் பாடம் சொல்வதை நிறுத்த வேண்டுமாம். எழுத்தின் ஒலியைப் பழக்கி, ஒலியோடு ஒலியைச் சேர்த்து வார்த்தையாகப் படிக்க வைக்க வேண்டுமாம். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பல வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்களாம்.

என் வகுப்பை நீயே பார்த்திருக்கிறாய். ஒரு பிள்ளை முன்னால் நின்று பலகையில் இருக்கிற வரியைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்லும், முப்பது பேரும் திருப்பிச் சொல்வார்கள். விம்கோ நகர் மெட்ரோ படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அதை நிறுத்தச் சொல்ல இவள் யார் என்று வாய்வரை வந்தது. டீயும் சமோசாவும் வந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

உன் பிள்ளை பிராங்கிளின் எப்போதும் போல ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட வந்தான். எண்ணூர்ப் பக்கம் அதே கன்டெய்னர் யார்டு வேலைதான், அதே எர்ணாவூர் ரூம்தான். மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தான். உன்னைப் பற்றிக் கேட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசமுள்ள
ஜூடி

*

விசாகப்பட்டினம்
07.07.2024

அன்புள்ள ஜூடிக்கு,

எல்லாரும் சுகம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. காது மெஷினை மாட்டினால் மிக்ஸி, குக்கர், ரெஜினா மூன்றும் ஒரே நேரத்தில் கேட்கிறது. டப்பாவிலேயே இருக்கட்டும். இருபது வருஷம் பாத்திரப் பட்டறையில் தகடு தட்டித் தட்டிக் கேட்டது போதும்.

அந்தப் பெண் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறாள். உன் வகுப்பு மாதிரி வடசென்னையில் எங்கே இருந்தது? என் பிள்ளை உன்னிடம் ரெண்டாவது படித்தபோது குச்சி அவன் கையில்தானே இருந்தது. அவன் பாடம் சொன்னால் ரோட்டில் போகிறவன் நின்று கேட்பான். ஆண்டு விழாவில் பங்குச்சாமி மேடையிலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு படிக்கத் தெரிந்தவன் அஞ்சாவதில் புத்தகத்தைத் தூக்கிப் போட்டான், ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தையே தூக்கிப் போட்டான். அறிவு இல்லாதவன் படிக்கவில்லை என்றால் மனசு ஆறும். தெரிந்தும் படிக்காதவனுடைய திமிரை என்ன செய்வது?

அவன் என்னைக் கேட்டான் என்று நீ எழுதியது பொய். ஒவ்வொரு கடிதத்திலும் அதை நீயே சேர்க்கிறாய். இனிமேல் எழுதாதே.

மழைக்கு முன்னால் மொட்டைமாடியைப் பூசிவிடு.

அக்கா
பிலோமி

*

ராயபுரம்
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் அது உடம்புக்கு வந்தது இல்லை.

அந்தச் சைமா சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் போன வாரம் சோதனை வைத்தேன். இந்த வருஷம் குச்சி மகிழினி என்கிற பெண்ணிடம் இருக்கிறது. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். வெங்கலக் குரல். முதலில் அவளையே கூப்பிட்டுக் கப்பல் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு வரி பிசகாமல் விரலை வைத்துக்கொண்டு படித்து முடித்தாள். அப்புறம்தான் பார்த்தேன். அவசரத்தில் நான் திறந்து கொடுத்தது நரிப் பாடம். நரிப் பாடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு கப்பல் பாடத்தைச் சொல்லியிருக்கிறாள்.

படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை அக்கா. என் வாயைப் பார்த்தாள். முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் எப்போதும் அப்படி எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கியிருக்கிறேன்.

முப்பத்தொரு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் படிக்கிறார்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் இத்தனை நாளும் என் குரலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைமாவுக்குப் போன் போட்டேன். அவள் குத்திக்காட்டவில்லை. “இது நெறைய ஸ்கூல்ல இப்டிதான் டீச்சர், கண்டுபுடிச்சிட்டீங்கல்ல, பாதி வேலை முடிஞ்சது” என்றாள். அவள் நல்லவிதமாகப் பேசியதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

ஒரு சின்னக் காரியம். பிராங்கிளினுடைய சின்ன வகுப்பு மதிப்பெண் அட்டை எதையாவது வைத்திருக்கிறாயா?

ஜூடி

*

விசாகப்பட்டினம்
12.08.2024

அன்புள்ள ஜூடிக்கு,

சாப்பாட்டை விடாதே. பிள்ளைகள் படிக்காததற்கு நீ பட்டினி கிடந்தால் அவர்கள் படித்துவிடுவார்களா?

அட்டை இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் என் கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்திருக்கிறேன். ரெண்டாம் வகுப்பு அட்டையில் உன் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: “பாடங்களைப் பிழையின்றிச் சரளமாக வாசிக்கிறான். வகுப்பிற்கே முன்மாதிரி.” கீழே உன் கையெழுத்து, பச்சை மை.

அஞ்சாம் வகுப்பு வாத்தியார் இவனுக்கு வாசிக்கவே வரவில்லை என்று சொன்னபோது இந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து அவன் முன்னாலும் போட்டேன். ஒவ்வொரு தடவை அடிப்பதற்கு முன்னாலும் இதை எடுத்துக் காட்டுவேன். உன் சித்தி பொய்யா எழுதினாள் என்று கேட்பேன். வாயே திறக்க மாட்டான்.

எதற்குக் கேட்டாய்?

பிலோமி

*

ராயபுரம்
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம்.

வகுப்பை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். 247 எழுத்தையும் மூட்டையாகத் தலையில் ஏற்றுவதில்லை. முதலில் ஏழே எழுத்து: ப, க, ட, ம, ர, ல், ம். ஏழு போதும், படம், பகல், கடல், மரம் எல்லாம் வந்துவிடும். பலகை பக்கம் திரும்புவதற்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. நான் “க, ட, ல்” என்று பிரித்துச் சொல்வேன், பிள்ளைகள் சேர்த்துச் சொல்வார்கள். பிறகு எழுத்தைத் தொட்டு அதையே செய்வார்கள். கடைசியில் ‘மகபல்’ மாதிரி அர்த்தமே இல்லாத ஒன்றைக் கொடுப்பேன். கேட்டே இராத வார்த்தையை மனப்பாடத்தில் இருந்து எடுக்க முடியாதே. அதைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். மத்தியானம் நான் ஒரு கதை படித்துக் காட்டி, அதைப் பற்றிப் பேச விடுகிறேன். யார் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த இடத்தில் இருந்து சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்துவிட்டேன்.

மகிழினியின் அம்மா சண்டைக்கு வந்தாள். “போன மாசம் வரிக்கும் கடகடன்னு படிச்ச புள்ள, இப்ப எய்த்து எய்த்தா முக்கிகினு கீது, இன்னா டீச்சர் பண்ணீங்க” என்று கேட்டாள். போன மாதம் அவள் படிக்கவில்லை, இப்போதுதான் படிக்கிறாள் என்று சொன்னேன். அது என் தப்பு என்றும் சொன்னேன்.

எழுத்து அட்டைகளை நாய் கடித்தது போலப் பிள்ளைகள் கிழித்துவிடுவதால் மரத்தில் செய்யலாம் என்று பிராங்கிளின் சொன்னான். பெட்டிக்குள் சரக்கு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற பலகைத் துண்டுகளை யார்டில் கேட்டு வாங்கிவந்து, உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டான். நான் பென்சிலால் வரைந்து கொடுக்கிறேன், அவன் நீலப் பெயிண்ட் அடிக்கிறான். கை அவ்வளவு சுத்தம். ஒன்று மட்டும் கேட்டான். எது மேல்பக்கம் என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு கோடு போட்டுத் தரச் சொன்னான். போட்டுக் கொடுத்தேன்.

ஜூடி

*

விசாகப்பட்டினம்
15.09.2024

அன்புள்ள ஜூடிக்கு,

மாதா திருநாளுக்கு இங்கே கோவிலில் தேர் இழுத்தார்கள். மழையில் நனைந்து எனக்குச் சளி. மற்றபடி சுகம்.

ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. அட்டையை எதற்குக் கேட்டாய்? சின்ன வயசில் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு இப்படித்தான் ஊர்க்கதை எல்லாம் பேசுவாய்.

அவனுடைய எர்ணாவூர் ரூமுக்குத் தபால் ஒழுங்காகப் போய்ச் சேருமா? அந்தப் பக்கம் தபால்காரர் வருவாரா? சும்மாதான் கேட்கிறேன்.

பிலோமி

*

ராயபுரம்
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ரெஜினாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே.

பிராங்கிளினுக்குப் படிக்கத் தெரியாது. இன்றைக்கு இல்லை, என்றைக்குமே தெரியாது.

மேல்பக்கம் எது என்று கேட்டானே, அன்றைக்கே எனக்கு உறைத்துவிட்டது. நம்ப மனசு வரவில்லை. போன ஞாயிறு பெயிண்ட் காய்ந்த பலகைகளில் மூன்றை எடுத்து மேஜையில் வைத்து, “இது இன்னா வார்த்தை சொல்லு நைனா” என்று விளையாட்டுப் போலக் கேட்டேன். ‘பகல்’ என்று வைத்திருந்தேன். சிரித்தான். போனை எடுத்துப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான் அக்கா. மகிழினி பார்த்தாளே, அதே பார்வை. இருபத்தேழு வயசு ஆளு.

நான் அழுததைப் பார்த்துத்தான் அவன் வாயைத் திறந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் படிச்சதே இல்ல சித்தி. நீ மொத நாளு படிச்சுக் காட்டுவ இல்ல, அது அப்டியே காதுல நின்னுக்கும். குச்சிய வச்சுகினு போய்க்கினே இருப்பேன். எல்லாரும் கை தட்னாங்க. அப்பால எப்டி சொல்றது?”

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “அம்மா அட்டையக் காட்டும்” என்றான்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் பாடம் சின்னது, காதில் நின்றது. பிறகு பாடம் பெரிதாகிவிட்டது, காது போதவில்லை. அவ்வளவுதான் நடந்தது. திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. யார்டில் பெட்டி நம்பரை உருவம் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறான். போனில் எல்லாரிடமும் குரலில்தான் பேசி அனுப்புகிறான். நாம் யாரும் கவனிக்கவில்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் குரல் நன்றாக இருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது, பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ அடித்த ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நின்றது என் கையெழுத்து. இருபத்தாறு வருஷத்தில் இன்னும் எத்தனை வீட்டில் அப்படி நடந்ததோ, அது எனக்குத் தெரியாது. இது என் அக்காவின் வீட்டில் நடந்தது, தெரியும். என்னை மன்னித்துவிடு.

நீ கேட்டாயே, எர்ணாவூருக்குத் தபால் ஒழுங்காக வருகிறதாம்.

ஜூடி

*

ராயபுரம்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. ரெஜினா போனில் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறாள், சாப்பிட்டாளா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

மழை விடுமுறை நிறைய. பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் தண்ணீர். இருந்தாலும் வகுப்பில் பதினாறு பேர் படிக்கிறார்கள். மகிழினி இன்னும் தடுமாறுகிறாள், ஆனால் இப்போதெல்லாம் என் வாயைப் பார்ப்பதில்லை.

பிராங்கிளின் சனிக்கிழமையும் வருகிறான். பிள்ளைகளுக்குச் செய்கிற அதையேதான் அவனுக்கும் செய்கிறேன். தான் பெயிண்ட் அடித்த பலகைகளையே கலைத்துப் போட்டுப் படிக்கிறான். மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ‘மாத்தூர்’ என்று பலகையைப் படித்தானாம். படித்துவிட்டு, தான் போக வேண்டிய பேருந்தை விட்டுவிட்டானாம்.

உனக்குச் சொன்னேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். “இன்னா சொல்லுச்சு” என்று கேட்டான். இது நான் சேர்த்தது இல்லை.

ஜூடி

*

விசாகப்பட்டினம்
01.12.2024

அன்புள்ள ஜூடிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். சர்க்கரை ஏறிவிட்டதென்று ரெஜினா சோற்றைக் குறைத்துவிட்டாள். புயலில் உன் மொட்டைமாடி ஒழுகியதா?

உனக்கு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், இன்னொன்றில் அவனை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. பிறகு யோசித்தேன். கரண்டியோடு நிற்கிறவளிடம் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2018இல் நான் இங்கே கிளம்பியபோது சென்ட்ரலுக்கு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன்தான் வந்தான். எந்தப் பிளாட்பாரம், எந்தப் பெட்டி என்று ரெஜினா தமிழில் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். என் கண்ணாடி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. சீட்டை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பார்த்தான், திருப்பிப் பார்த்தான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். யாரையாவது கேட்கலாம் என்றான். நான் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்கிற வன்மத்தில் செய்கிறான் என்று நினைத்தேன். அத்தனை பேருக்கு முன்னால், “பெத்தவளுக்காக ஒரு வரி படிச்சா வாய் தேஞ்சுபூடுமா? இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்று சொன்னேன். யார் யாரையோ கேட்டு ஓடி என்னை ஏற்றிவிட்டான். வண்டி நகருகிற வரைக்கும் நின்றான்.

இங்கே வந்த இரண்டாவது வாரம் அவனுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு வா, நானே ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. இருந்தாலும் இருபத்துநாலாம் தேதி காலையில் போய் நின்றேன். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நின்றேன். அவன் என்னை மன்னிக்கவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அவன் என்னைக் கேட்டான் என்று நீ எழுதும்போதெல்லாம் எரிச்சல் வந்தது அதனால்தான்.

அவன் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை, இல்லையா?

இன்னும் வைத்திருக்கிறானா என்று கேள். இருந்தால் நீ படித்துக் காட்டு. உன்மேல் கோபம் இருக்கிறது, போகும். என்மேல் இருப்பதுதான் போகாது.

பிலோமி

*

ராயபுரம்
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையை விடாதே. மாடி ஒழுகத்தான் செய்தது, பிராங்கிளின் பூசிவிட்டான்.

உன் கடிதம் கிடைத்த அன்றே அவனிடம் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று ஞாயிறு சாப்பிட வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதத் தாமதம். என்னவென்று எழுதுவேன்?

கிறிஸ்துமஸ் அன்று வந்தான். ஆதார் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரில் இருந்து உன் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். ஆறு வருஷமாக அதிலேயே இருக்கிறது. வந்த அன்றைக்கே பிரித்துப் பார்த்தானாம். “நாலு பக்கம் நெருக்கி நெருக்கி எய்தி இருந்துச்சு. இம்மா நீளத்துக்குத் திட்டத்தான் எய்துவாங்கன்னு நெனச்சேன் சித்தி” என்றான். யாரிடமாவது கொடுத்தால், ஏன் உனக்குப் படிக்கத் தெரியாதா என்பார்கள். படித்துக் காட்டினால் திட்டையும் கேட்டாக வேண்டும். ஆகையால் மடித்து வைத்துவிட்டான்.

திட்டு இல்லை, அதற்குமேல் சொல்ல மாட்டேன் என்றேன். நான் படிக்கட்டுமா என்று கேட்டேன். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“நீ படிச்சா உன் கொரல்தான் கேக்கும். இந்தத் தபா நானே படிக்கறேன்.”

போன ஞாயிறு ஆரம்பித்தான். முதல் மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உன் கையெழுத்தைப் படிக்க எனக்கே தனிப் பயிற்சி வேண்டும். அழகாக வேறொன்று எழுதி வாங்கலாமா என்றதற்கு, இதுதான் எனக்கு வந்தது, இதையேதான் படிப்பேன் என்று சொல்லிவிட்டான். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். மாட்டிக்கொண்ட எழுத்தை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கேட்கிறான், வார்த்தையைக் காட்டுவதில்லை.

வகுப்பில் இருபத்துமூன்று பேர் இதுவரை பார்க்காத கதையைத் தாங்களே படிக்கிறார்கள். மிச்சம் எட்டுப் பேருக்குத் தினமும் மத்தியானம் தனியாக உட்காருகிறேன். மகிழினி நேற்று மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்த பாதிச் செய்தியைப் படித்துவிட்டு, மீதி எங்கே டீச்சர் என்று சண்டை போட்டாள். அந்தக் குச்சியை ஜன்னலுக்கு முட்டாக வைத்துவிட்டேன்.

ஜூடி

*

விசாகப்பட்டினம்
02.02.2025

அன்புள்ள ஜூடிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை இறங்கிவிட்டது.

அவன் நிதானமாகப் படிக்கட்டும், அவசரப்படுத்தாதே. நாலாம் பக்கத்தில் ஒரு இடத்தில் மை கலைந்திருக்கும், எழுதும்போது கலைந்தது. அந்த இடத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேண்டுமானால் கேட்கச் சொல், எழுதி அனுப்புகிறேன்.

அந்த அட்டையை அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். பிறகு இந்தக் கடிதத்தோடு கவருக்குள்ளேயே வைத்துவிட்டேன். உனக்கு வேண்டியிருக்கும், சைமாவிடம் காட்டு, மற்ற டீச்சர்களுக்கும் தெரியட்டும்.

இந்த மாதம் தினமும் காது மெஷின் மாட்டுகிறேன். பழக வேண்டும் இல்லையா?

பிலோமி

*

ராயபுரம்
23.03.2025

அம்மா,

நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறியா. முட்டி வலி எப்டி கீது.

இத நான்தான் எழுதறேன். சித்தி உள்ள மீன் கழுவுது. எழுதித் தரல.

உன் கடுதாசிய படிச்சு முடிச்சிட்டேன். பதினோரு ஞாயிறு ஆச்சு. திட்டு எங்க வருது எங்க வருதுன்னு தேடிகினே படிச்சேன். வரவே இல்ல. ரெண்டாவது பக்கத்துல நீ என்ன அடிச்சதெல்லாம் வரிசயா எழுதி கீற. எனக்கே பாதி மறந்து போச்சு. நீ ஏன் ஞாபகம் வச்சுகினு கீற. விடு.

ஸ்டேஷன்ல நீ குடுத்த சீட்டு அதே கவர்ல கீது. அதையும் இப்பதான் படிச்சேன். ஒன்பதாவது பிளாட்பாரம், எஸ் நாலாவது பெட்டின்னு போட்டு கீது. நீ கேட்டது அதான். லேட்டா சொல்றேன்.

மை கலஞ்ச எடத்த எழுதி அனுப்பாத. நேர்ல வந்து கேட்டுக்கறேன்.

நீ கூப்ட கிறிஸ்துமஸ் போயிடுச்சு. ஈஸ்டருக்கு வரேன். மொத நாளு சனிக்கெழம காலைல வண்டி அங்க வரும். டிக்கெட் எடுத்துட்டேன். அந்த ஊரு ஸ்டேஷன் பலகைல தமிழ் இருக்காதுன்னு சித்தி சொல்லுச்சு. அதனால நீ வந்து நில்லு. உன்னப் பாத்து எறங்கிக்கறேன்.

உன் மகன்
பிராங்கிளின்